மண்டபம் ஞாயித்துக்கிழமை ரீசனிங் கிளாஸ்: 8 வாரம் பொண்ணு கூடவே உக்காந்து பாத்துட்டு எழுதுறேன்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் பிள்ளைங்கள சட்டப் படிப்புக்கு அனுப்பணும்னு நெனக்கிற அப்பா அம்மா யாராச்சும் படிச்சா பிரயோசனப்படும்னுதான் இம்புட்டு நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. என் மூத்த பொண்ணு பிளஸ் டூ. திருச்சியில இருக்குற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துல சேரணும்னு பத்தாவதுல இருந்தே சொல்லிக்கிட்டு இருக்கா. அதுக்கு கிளாட்னு ஒரு சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதணும். 120 கேள்வி, 120 நிமிஷம், ஒரு தப்புக்கு கால் மார்க் போயிரும், பேப்பர் முழுக்க இங்கிலீஷ், எல்லாமே பாசேஜ் படிச்சு பதில் சொல்றது. அதுல லாஜிக்கல் ரீசனிங், அதாவது ஒரு வாதத்தப் படிச்சு அலசிப் பதில் சொல்ற பகுதி மட்டும் 22ல இருந்து 26 கேள்வி வரைக்கும் வருது, கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. என் பொண்ணுக்கு இங்கிலீஷ் படிக்க வரும், ஆனா வீட்ல மாக் டெஸ்ட் எழுதிப் பாத்தா இந்தப் பகுதியில 24க்கு 9 தான் வரும், எங்க தப்பு விடுறான்னு உக்காந்து எண்ணிப் பாத்தா பாதிக்கு மேல ஒரே மாதிரி கேள்வி, "இந்த வாதத்தோட மெயின் கன்க்ளூஷன் எது"ன்னு, அதாவது எழுதுனவர் சொல்ல வந்த முக்கிய முடிவு எதுன்னு கேக்குறது.

இதுக்கு முன்னாடி ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு 9,000 ரூபா கட்டியிருந்தோம், பேரு வேணாம். அதுல இந்தத் தலைப்புக்கு ஒரே ஒரு வீடியோ. தேர்ஃபோர், ஹென்ஸ், தஸ், சோ இந்த நாலு வார்த்தையத் தேடு, அதுக்குப் பின்னாடி இருக்குறதுதான் முடிவு, அப்படி எதுவும் இல்லன்னா கடைசி வாக்கியம்தான் முடிவு, அவ்வளவுதான் பாடம். பிள்ளையும் அத நம்பி அப்படியே பென்சில்ல வட்டம் போட்டுப் போட்டு தப்பு விட்டுக்கிட்டே இருந்துச்சு. தப்புன்னு வந்தா ஏன் தப்புன்னு கேக்க அங்க ஆளே கிடையாது. அந்த 9,000 எங்க வீட்டுக்கு சின்னப் பணம் இல்ல, என் வீட்டுக்காரர் விசைப்படகுல டிரைவர், நான் ஒரு ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதுறேன்.

இந்த மண்டபம் கிளாஸ் பத்தி எங்க கம்பெனிக்கு லோடு எடுக்க வர்ற அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு. பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்து போற தூரம், ஒரு கடைக்கு மேல மாடியில ஒத்த ஹால், போர்டு கூட கிடையாது. நடத்துறவங்க சென்னையில ரொம்ப வருஷம் வக்கீலா இருந்துட்டு ஊருக்கு வந்துட்ட ஒரு சார். ஞாயித்துக்கிழமை மட்டும், மூணு மணி நேரம், 8 வாரத்துக்கு 2,400 ரூபா. 15 பேருக்கு மேல சேக்க மாட்டாங்க. பொம்பளப் பிள்ளைங்கள கூட்டிட்டு வர்ற அம்மாமார் பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கலாம்னு சொன்னாங்க, அப்படித்தான் நானும் 8 வாரமும் உக்காந்தேன், பி.காம் படிச்சு 18 வருஷம் கழிச்சு மறுபடி நோட்டு வாங்கி எழுதுனேன்.

மொத நாள் இங்கிலீஷ் பேப்பரே குடுக்கல. போர்டுல தமிழ்ல மூணு வரி எழுதுனாங்க:

பாம்பன்ல 3ம் நம்பர் கூண்டு ஏத்திட்டாக. அதனால நாளைக்கு டோக்கன் குடுக்க மாட்டாக. படகுல ஐஸ் ஏத்த வேணாம்.

கூண்டுன்னா புயல் எச்சரிக்கைக் கூண்டு, டோக்கன்னா கடலுக்குப் போக மீன்துறை குடுக்குற அனுமதிச் சீட்டு. இதுல பேசுறவரு சொல்ல வந்த முடிவு எதுன்னு கேட்டாங்க. பாதிப் பேருக்கு மேல ரெண்டாவது வரின்னு கை தூக்குனாங்க, என் பொண்ணும்தான். "அதனால" அங்கதான இருக்கு. சார் கோவப்படல. "சரிம்மா, டோக்கன் குடுக்க மாட்டாகன்னு சொல்றாரே, ஏன்?"ன்னு கேட்டாங்க. கூண்டு ஏத்தியிருக்குன்னா இவ. "ரைட்டு. டோக்கன் குடுக்க மாட்டாக, அதுக்கு என்ன இப்ப?"ன்னு கேட்டாங்க. ஐஸ் ஏத்த வேணாம் சார்னா. "ஐஸ் ஏத்த வேணாம், அதுக்கு என்ன இப்ப?" அதுக்கு அந்த மூணு வரியில பதில் இல்ல. "பதில் எங்க நிக்கிதோ அதாம்மா மெயின் கன்க்ளூஷன், நடுவுல நின்ன டோக்கன் இருக்கே அதுவும் ஒரு முடிவுதான், ஆனா அது படிக்கட்டு, ஏறிப் போறதுக்கு வச்சது"ன்னாங்க.

எனக்கு அந்த எடத்துலயே புரிஞ்சிருச்சு. கூண்டு ஏத்துனா டோக்கன் இல்ல, டோக்கன் இல்லன்னா ஐஸ் போகாது, ஐஸ் போகலன்னா எனக்கு அன்னைக்கு பில்லே கிடையாது, நான் தெனம் பாக்குற பொழப்புதான் இது. வக்கீலுக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம்னு நெனச்சு ஒதுங்கி இருந்தது நம்ம படகுத்துறைப் பேச்சுக்குள்ளயே இருந்திருக்கு.

அப்புறம் அதே மூணு வரிய கலைச்சுப் போட்டாங்க. "நாளைக்கு ஐஸ் ஏத்த வேணாம்ப்பா, டோக்கன் கிடைக்காது, கூண்டு ஏத்தியிருக்குல்ல." இப்ப முடிவு மொத வரியில. இன்னொரு தடவ, "டோக்கன் கிடைக்கப் போறது இல்ல, ஐஸ் ஏத்தாதீக, பாம்பன்ல கூண்டு ஏத்திட்டாக." இப்ப முடிவு நடுவுல. வரி எங்க வேணாலும் உக்காரும், எது எதத் தாங்குதுங்கிறது மட்டும் மாறாதுன்னு அத எட்டுத் தடவ எழுதி எழுதிக் காமிச்சாங்க. கடைசி வரிதான் முடிவுன்னு அந்த வீடியோ சொன்னது எம்புட்டு தப்புன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. மணிமேகலையில 29வது காதையில இத அழகா சொல்லியிருக்குன்னு சார் காட்டுனாங்க, இந்த மலையில நெருப்பு இருக்கு, புகை இருக்குறதால, அடுக்களை மாதிரி. சொல்ல வந்தது பக்கம், காரணம் ஏது, உதாரணம் திட்டாந்தம்னு அதுக்குப் பேரு. சொல்ல வந்தது மொதல்லயே வந்துருது பாருங்க, காரணம் பின்னாடி வருது, நிகமனம்னு கடைசியில திரும்பவும் அதையே சொல்லி முடிக்கிறது. பத்தாவதுல தமிழ்ல 96 வாங்குன பிள்ளை, இது நம்ம கிட்ட எப்பவோ இருந்திருக்கான்னு வீடு வர்ற வரைக்கும் பஸ்ல அதையே பேசிக்கிட்டு வந்தா.

ரெண்டாவது வாரம் இங்கிலீஷுக்கு வந்தாங்க. இதுதான் நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு ரொம்ப ரொம்ப முக்கியமான வகுப்பு, இது ஒண்ணுக்கே 2,400 குடுக்கலாம். தமிழ்ல காரணம் பெரும்பாலும் முன்னாடி வந்துரும், மழை பெஞ்சதால போகல, அப்படி. இங்கிலீஷ்ல முடிவச் சொல்லிட்டு காரணத்தப் பின்னாடி வைக்கிறது சர்வசாதாரணம், அதுக்கு அவங்க போடுற வார்த்தைங்கள நம்ம பிள்ளைங்க வேற அர்த்தத்துல படிச்சிருதுங்க. சின்ஸ்னா "அப்போதுல இருந்து"ன்னு மட்டும் மனப்பாடம், அது "ஏன்னா"ன்னும் வரும். ஃபார்னா "க்காக"ன்னு மட்டும் தெரியும், வாக்கியத்துக்கு நடுவுல கமா போட்டு ஃபார் வந்தா அது ஏனெனில். ஆஃப்டர் ஆல்னு ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா "எல்லாம் முடிஞ்சப்புறம்"னு என் பொண்ணு எழுதி வச்சிருந்தா, அதனால அத முடிவுன்னு எடுத்துக்கிட்டு இருந்திருக்கா, ஆனா அதுக்குப் பின்னாடி வர்றது காரணம், அதுக்கு முன்னாடி சொன்னதுதான் முடிவு. ஒத்த வார்த்தை ஒரு கேள்வியையே கவுத்துரும், இது இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கும் நடக்குது. சார் ஒரு பக்கத்துல காரணத்தக் கூட்டிட்டு வர்ற வார்த்தை, இன்னொரு பக்கத்துல முடிவக் கூட்டிட்டு வர்ற வார்த்தைன்னு எழுதச் சொன்னாங்க, ஆனா கூடவே, வார்த்தை வழி காட்டும், தீர்ப்பு சொல்லாது, சந்தேகம் வந்தா ரெண்டு வரியையும் எடுத்து "இது, ஏன்னா அது"ன்னு சொல்லிப் பாரு, மாத்தி "அது, ஏன்னா இது"ன்னும் சொல்லிப் பாரு, எது காதுக்கு சரியா விழுதோ அதுல முன்னாடி நிக்கிறது முடிவுன்னாங்க. நான் இத வீட்ல வாயவிட்டுச் சொல்லச் சொல்லித்தான் பழக்குறேன்.

நாலாவது வாரம் நடந்தத சொல்லியே ஆகணும். அப்ப மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையிலதான், இவ அப்பாதான் பைக்ல எங்க ரெண்டு பேரையும் பாலம் தாண்டி கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. அன்னைக்குன்னு பாத்து சார் குடுத்த பாசேஜ், தமிழ்ல சொன்னா இப்படி வரும்: தடைக்காலம் மீனவர்களுக்கு நஷ்டத்த மட்டுந்தான் தருதுன்னு சிலர் சொல்றாங்க, இது தப்பான கணக்கு, அந்த நாட்கள்ல நெறைய மீன் இனங்க முட்டை போடுது, முட்டை போட விட்டாத்தான் குஞ்சு பெருகும், குஞ்சு பெருகுனாத்தான் பின்னாடி மீன்பாடு கிடைக்கும். நாலு ஆப்ஷன். தடைக்காலம் நஷ்டத்த மட்டும் தருது. அந்த நாட்கள்ல மீன் முட்டை போடுது. தடைக்காலம் மீனவர்களுக்கு வெறும் நஷ்டம் மட்டும் இல்ல. தடைக்காலத்த இன்னும் நீட்டணும்.

என் பொண்ணு மொத ஆப்ஷனப் போட்டா. சார் ஏன்னு கேட்டதும் எந்திரிச்சு நின்னு, எங்க அப்பா ரெண்டு மாசமா சும்மா இருக்காரு சார், 8,000 ரூபா நிவாரணத்துல 61 நாள் எப்படி ஓட்டுறதுன்னு எழுதுனவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டா, குரல் ஒடஞ்சு போச்சு. பின்னாடி உக்காந்திருந்த எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. சார் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவ பக்கத்துல வந்து நின்னு, "நீ சொல்றது நியாயம்மா, அத நீ ஒரு நாளைக்கு கோர்ட்ல எந்திரிச்சு சொல்லணும், ஆனா எதிராளி என்ன சொல்றான்னு சரியாப் புடிக்காம அவனுக்கு பதில் சொல்ல முடியாது, இந்தக் கேள்வி உன் முடிவக் கேக்கல, எழுதுனவன் முடிவக் கேக்குது"ன்னாங்க. அதுக்கப்புறம் நிதானமா விளக்குனாங்க. "சிலர் சொல்றாங்க"ன்னு ஒரு பாசேஜ் ஆரம்பிச்சா எழுதுனவன் அதுக்கு எதிரா பேசப் போறான்னு முக்கால்வாசி எதிர்பாக்கலாம், பட், ஹவெவர், யெட் மாதிரி ஒண்ணு வந்து திரும்புற எடத்துலயே முடிவு இருக்கும், இங்க "இது தப்பான கணக்கு"ங்கிற மூணு வார்த்தைதான் முடிவு. ஆனா ஆப்ஷன்ல அப்படியே வராது. "இது"ன்னா எதுன்னு மேல போய்ப் பாத்து நிரப்பிக்கணும், நிரப்புனா மூணாவது ஆப்ஷன் வந்துரும். நாலாவது ஆப்ஷன், நீட்டணும்னு, எழுதுனவன் சொல்லவே இல்ல, அவன் பேசுறதக் கேட்டா சொல்லுவான் போல இருக்கும், அதுதான் வலை.

இந்த எடத்துல எனக்கு ஒரு கருத்து உண்டு. கடலோரப் பிள்ளைங்களுக்கு வெளிய இருந்து வர்ற பாசேஜ்ல நம்ம பொழப்பப் பத்தி யாரோ எழுதியிருந்தா கோவம் வரும், வரணும், ஆனா பரீட்சை ஹால்ல அந்தக் கோவத்த அஞ்சு நிமிஷம் ஓரமா வைக்கப் பழகணும், அத எந்த ஆன்லைன் வீடியோவும் கத்துத் தராது. அன்னைக்கு அந்த சார் எம் பிள்ளை கோவத்துக்கு மரியாதை குடுத்துட்டு கத்துக் குடுத்தாங்க, அதுக்காகவே நான் இந்த கிளாஸ மறக்க மாட்டேன்.

அடுத்த வாரம் கடல் அட்டை. மன்னார் வளைகுடாவுல கடல் அட்டை எடுக்குறதுக்கு 2001ல இருந்து தடை இருக்கு, நம்ம பக்கத்துல தெரியாதவங்க கிடையாது. பாசேஜ்: கடல் அட்டை அடி மண்ண உள்ள இழுத்து அதுல இருக்குற கழிவத் தின்னுட்டு மண்ண வெளிய விடுது, அது கொறஞ்சா கடலடி கெட்டுப்போகும், ஆகவே தடைய எடுக்கக் கூடாது. இது லேசுன்னு எல்லாரும் நெனச்சாங்க, ஆனா ஆப்ஷன்ல "தடை நீடிக்கணும்"ங்கிறதுக்குப் பக்கத்துலயே "கடல்ல எந்த உயிரையும் எப்பவும் புடிக்கக் கூடாது"ன்னு ஒண்ணு, "அட்டை கொறஞ்சா கடலடி கெடும்"னு ஒண்ணு, "கடத்துறவங்களுக்கு தண்டனைய கூட்டணும்"னு ஒண்ணு. ஒண்ணு அளவுக்கு மீறிப் போகுது, ஒண்ணு படிக்கட்டு, ஒண்ணு பாசேஜ்லயே இல்ல. தப்பு ஆப்ஷன் ஒவ்வொண்ணும் ஏன் தப்புன்னு பக்கத்துல தமிழ்ல ஒரு வார்த்தை எழுதச் சொல்லுவாங்க, "காரணம்", "படிக்கட்டு", "ஓவர்", "எதிராளி", "இல்லவே இல்ல", இப்படி. எம் பொண்ணு நோட்டு முழுக்க இதுதான். எப்பவும், எல்லாம், மட்டுமே, ஒருபோதும், இந்த மாதிரி வார்த்தை ஆப்ஷன்ல பாத்தா பாசேஜ்லயும் அம்புட்டு அழுத்தம் இருக்கான்னு திரும்பிப் பாக்கணும்.

இன்ஃபரன்ஸ் கேள்விக்கும் இதுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்துல முடிச்சுட்டாங்க, இன்னும் கொஞ்சம் நடத்தியிருக்கலாம். சுருக்கமா, முடிவு பாசேஜுக்குள்ள எழுதியிருக்கணும், இன்ஃபரன்ஸ் எழுதியிருக்காது, எழுதியிருக்குறத வச்சு நாம உறுதியா எடுக்குறது. பிராக்டிஸுக்கு அமெரிக்காவுல சட்டம் படிக்க எழுதுற எல்சாட் பரீட்சை பாணியில சின்னச் சின்ன பாசேஜா சார் எழுதிக் குடுத்தாங்க. அந்தப் பரீட்சையில 2024 ஆகஸ்ட்ல இருந்து மார்க் போடுற மூணு பகுதியில ரெண்டு லாஜிக்கல் ரீசனிங்தானாம், 35 நிமிஷம் ஒவ்வொண்ணும். சின்ன பாசேஜ்ல பழகிட்டு கிளாட்டோட 450 வார்த்தை பாசேஜுக்குப் போறது நல்ல வழிதான், ஆனா சின்னதுல இருந்து பெருசுக்கு மாறுற அந்த எடத்துக்கு பயிற்சி பத்தாம போச்சு.

கொறைகள். மொத கொறை நேரம். காலையில 9 மணிக்கு ஆரம்பிச்சா தங்கச்சிமடத்துல இருந்து வர்ற எங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலைப் பூசை போயிருது, ரெண்டு வாரம் பூசைய விட்டுட்டு மனசு சங்கடமா இருந்துச்சு, நாலஞ்சு பேர் சேந்து கேட்டப்புறம் பத்தரைக்கு மாத்துனாங்க, கேட்டதும் மாத்துனதுக்கு நன்றி, ஆனா சேர்றப்பவே இத யோசிச்சிருக்கலாம். ரெண்டாவது, டைம் வச்சு எழுதுற டெஸ்ட் 8 வாரத்துல ஒண்ணே ஒண்ணு. 120 கேள்விக்கு 120 நிமிஷம்னா பாசேஜ் படிக்கிற நேரத்தையும் சேத்து ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். "ஏன்", "அதுக்கு என்ன"ன்னு வாயவிட்டு கேட்டுக்கிட்டு இருந்தா அங்க மணி அடிச்சிரும். முறை மனசுல ஊறுனதுக்கு அப்புறம் வேகம் தானா வரும்னு சார் சொல்றாங்க, நான் அத முழுசா ஒத்துக்கல, கடைசி மூணு வாரமாச்சும் கடிகாரம் வச்சு எழுத விட்டிருக்கணும். அத நாங்க வீட்ல பண்ண வேண்டியதாப் போச்சு. மூணாவது, ஜெராக்ஸ் காப்பி ரொம்ப மங்கல், ஒரு பாசேஜ்ல கடைசி வரியே விழல. பாத்ரூம் கீழ கடைக்காரங்களோடதுதான், பொம்பளப் பிள்ளைங்க சாவி கேட்டு வாங்கிட்டுப் போகணும், இது சரி பண்ண வேண்டிய விஷயம், சார் கிட்ட நேர்லயும் சொல்லிட்டேன். வாட்ஸாப்ல சந்தேகம் கேட்டா பதில் வர ரெண்டு நாள் ஆகும்.

அப்புறம் பஸ். ஞாயித்துக்கிழமை திரும்புறப்ப ராமேஸ்வரம் போற கூட்டத்துல நின்னுக்கிட்டுதான் பாலம் தாண்டணும், அது கிளாஸோட தப்பு இல்ல, ஆனா சின்னப் பிள்ளைய தனியா அனுப்புறவங்க தெரிஞ்சுக்கங்க.

பலன் என்னன்னு கேப்பீங்க. 8 வாரம் முடிஞ்சு வீட்ல புதுசா ஒரு மாக் எழுதுனா, லாஜிக்கல்ல 24க்கு 17. முடிவு கேக்குற கேள்வி அஞ்சு வந்துச்சு, நாலு சரி. தப்பு விட்ட ஒண்ணுலயும் பக்கத்துல "படிக்கட்டு"ன்னு அவளே எழுதி வச்சிருந்தா, தெரிஞ்சுக்கிட்டா. கூட வந்த ராமநாதபுரத்துத் தம்பி ஒருத்தர் சீசாட்டுக்காக, அதாவது யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வோட ரெண்டாவது பேப்பருக்காக வந்திருந்தாரு, 80 கேள்வி 200 மார்க்குல 33 சதவீதம் எடுத்தா போதும், ஆனா அதுலயே ஒரு தடவ விழுந்துட்டாராம், அங்க பாசேஜோட சாரம் எதுன்னு கேக்குறதுக்கும் இதே வழி ஒத்துவருதுன்னு சொன்னாரு. டிஎன்பிஎஸ்சிக்கு மட்டும் படிக்கிறவங்களுக்கு இது தேவைப்படாது, அங்க கணக்கும் வரிசையும்தான் கூட வருது. லீகல் ரீசனிங், கரண்ட் அஃபேர்ஸ் எல்லாம் இங்க கிடையாது, அதுக்கு வேற வழி பாத்துக்கணும், இத முழு கிளாட் கோச்சிங்னு நெனச்சு சேர வேணாம்.

என் மார்க் 5க்கு 4. கொறஞ்ச ஒண்ணு டெஸ்ட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் பாத்ரூமுக்கும். பணம் ரெண்டு தவணையா கட்டலாம், மொத வாரம் சும்மா உக்காந்து பாத்துட்டு புடிச்சா மட்டும் கட்டுனா போதும். மின்விசிறி ரெண்டுதான், ஜன்னல் பக்கம் எடம் வேணும்னா கால் மணி நேரம் முன்னாடி போயிருங்க, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, அம்மாமார் போனா ஒரு நோட்டும் எடுத்துட்டுப் போங்க.